பத்துக்கு எத்தனை?

கிளம்புவதற்கு முன்னால் லிஃப்ட்காரர் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். குனிந்து, லிஃப்ட் ரிப்பேர் செய்து பழகிய கையால் ஒவ்வொரு நட்டையும் ஸ்பானர் போட்டு முறுக்கிப் பார்த்தார். முந்தாநாள்தான் ஒரு மெக்கானிக் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்த வண்டி. அதனால்தான் பார்த்தார்.

"போலாங்க. மணி ஆறாச்சு," என்றாள் மனைவி காருக்குள்ளேயிருந்து.

மகளின் போன் அணைந்து பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை. அணைந்த போனைவிட அடிக்கிற போன்தான் அவரைத் தூங்கவிடவில்லை. அணைந்த போனுக்குச் சார்ஜ் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடிக்கிற போனுக்கு என்ன சொல்வது?

மூன்று வாரத்துக்கு முன்னால் சுண்டு ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். சுண்டு என்பது வீட்டுப் பேர். இருபத்தெட்டு வயதிலும் அதுதான். கல்யாணமாகி இரண்டு வருஷம். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பேச்சு மெதுவாக இருக்கும், சிரிப்பு சீக்கிரம் வரும். சீக்கிரம் சிரிக்கிறவர்களை லிஃப்ட்காரருக்கு ஆகாது.

வந்தவள் எதுவும் சொல்லவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்றாள். நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவரே விளையாட்டாகக் கேட்டார்.

"சரி, உன் வீட்டுக்குப் பத்துக்கு எத்தனை போடுவே?"

"பூஜ்யம்," என்றாள் சுண்டு. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

அன்று சாயங்காலமே அவர் அலமாரி மேலிருந்து பழைய நோட்டை இறக்கினார். அவரும் மனைவியும் முப்பது வருஷமாகக் காரில் போகும்போதெல்லாம் வழியில் ஒதுங்கி நின்று பார்த்த இடங்களின் பட்டியல் அது. மொத்தம் இருபத்துமூன்று இடங்கள். எதுவும் பெரிய பேர் வாங்கிய இடமில்லை. 'அட, இதையும் ஒருத்தன் கட்டி வைத்திருக்கிறானே' என்று சிரித்துவிட்டுப் போகிற இடங்கள். வீட்டில் அதற்கு 'ஓரம்' என்று பேர்.

"ரெண்டு பேரும் ஒரு வாரம் ஓரம் ஓரமா சுத்திட்டு வாங்க. எல்லாம் சரியாப் போயிடும். நானும் உங்கம்மாவும் எத்தனை சண்டையை ரோட்டுலயே இறக்கி விட்டுட்டு வந்திருக்கோம்," என்றார்.

சுண்டு நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் "சரிப்பா" என்றாள். பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்க இரண்டு வாரம் ஆனது. அவர் வந்து அழைத்துப் போனார்.

கிளம்பிய நாளிலிருந்து தினம் ஒரு போட்டோ வந்தது. முந்தாநாள் ராட்சத நாற்காலியிலிருந்து கடைசிப் போட்டோ. இரண்டு பேரும் சிரித்தபடி. போட்டோவில் சிரிக்காதவன் எவன்?

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

---

நாற்காலி நெடுஞ்சாலையை ஒட்டியே நின்றது. மரச்சாமான் பட்டறைக்காரன் ஒருவன் விளம்பரத்துக்காகச் செய்து வைத்தது. இரண்டு மாடி உயரம். ஏணி வைத்து ஏறி உட்காரலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் மூன்று பேரும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். சுண்டு நடுவில். மூன்று பேர் காலும் நாற்காலியின் விளிம்பைக்கூட எட்டவில்லை.

இன்று லிஃப்ட்காரர் நாற்காலியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே பக்கத்திலிருந்த கொட்டகைக்குள் போனார். மேசைமேல் பார்வையாளர் நோட்டு இருந்தது. பேனாவைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள்.

குடும்பத்தில் ஓரத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. எல்லாம் அவர் போட்டவை. முதல் சட்டம்: பக்கத்து சீட்டில் இருக்கிறவர் கை காட்டினால், ஓட்டுகிறவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டாவது: இடத்தைவிட்டுக் கிளம்புமுன் அங்கிருக்கும் நோட்டில் அவரவர் பத்துக்கு எத்தனை என்று மார்க் எழுத வேண்டும். ஒருவர் மார்க்கை இன்னொருவர் மாற்றச் சொல்லக்கூடாது.

முந்தாநாள் பக்கத்தில் சுண்டுவின் எழுத்து இருந்தது.

'8/10. ஏணி அப்போ மாதிரியே இப்பவும் ஆடுது.'

அதற்குக் கீழே மாப்பிள்ளை. '9/10. இறங்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு.'

லிஃப்ட்காரர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி இரண்டு வரியையும் நாலு தடவை படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் மனைவி. கையில் இருந்த கைக்குட்டையை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வண்டி ஏறியதிலிருந்து அந்தக் கைக்குட்டை படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது.

"அழுத்தி எழுதியிருக்காளான்னு பாக்கறேன். கோவம் வந்தா அழுத்தி எழுதுவா."

"எழுதியிருக்காளா?"

"இல்ல."

"அப்ப நல்லாத்தானே இருந்திருக்காங்க."

"முந்தாநாள் நல்லா இருந்திருக்காங்க," என்றார் அவர்.

கொட்டகைக்காரன் எட்டிப் பார்த்தான். "ஏறலையா சார்?"

"ஏணி போல்ட்டை எப்ப முறுக்கினீங்க?"

"அது ஸ்ட்ராங்கா இருக்கு சார்."

"நான் கேட்டது அது இல்லையே."

அவன் தலையைச் சொறிந்தான். லிஃப்ட்காரர் காருக்குப் போய் ஸ்பானரை எடுத்துவந்து ஏணியின் அடிப்போல்ட்டுகள் இரண்டையும் முறுக்கிவிட்டார். ஒன்று அரைச் சுற்றுக்கு மேல் போனது. மகள் ஏறிய ஏணி. முந்தாநாள் ஏறி இறங்கிவிட்டாள் என்பது தெரிந்தும் அவர் இன்னொரு தடவை முறுக்கினார்.

"உங்களுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு," என்றாள் மனைவி. "வாங்க, போலாம்."

---

தலைகீழ் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆனது. அது நிஜமாகவே தலைகீழாகத்தான் இருந்தது. ஓட்டுக்கூரை தரையில், வாசற்படி ஆகாயத்தில். உள்ளே போனால் கட்டில், மேசை, அடுப்பு, அதன்மேல் கெட்டில் எல்லாம் தலைக்கு மேலே ஆணியடித்துத் தொங்கும். கீழே நின்று போட்டோ எடுத்துத் திருப்பிப் பார்த்தால் மனுஷன் கூரையில் நடக்கிற மாதிரி இருக்கும்.

சுண்டுவுக்கு உலகத்திலேயே பிடித்த ஓரம் இது. ஏழு வயதில் இங்கே பத்துக்குப் பதினொன்று போட்டவள். சட்டப்படி செல்லாது என்று அவர் சொன்னதற்கு, வீடே தலைகீழாக இருக்கும்போது சட்டம் மட்டும் எதுக்கு நேராக இருக்கணும் என்று கேட்டவள்.

நோட்டு வாசலிலேயே இருந்தது. நேற்றைய பக்கம்.

'10/10. என் வாழ்நாளில் இப்படிச் சிரிச்சதில்லை.' மாப்பிள்ளை எழுத்து.

அதற்குக் கீழே, சின்னதாக, '0/10.'

வேறு ஒரு சொல் இல்லை.

லிஃப்ட்காரருக்குக் காலுக்கடியில் தரை இறங்கியது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்டுக்குள்ளேயே கிடந்தவர். பெட்டி சட்டென்று இறங்கினால் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அப்படித்தான் நின்றது.

மூன்றாவது சட்டம் ஒன்று உண்டு. அதைப் போட்டது சுண்டுவுக்காக. ஆறு வயதில் மெழுகுப் பொம்மைக் கூடம் ஒன்றில் அவள் பயந்து போனாள். அத்தனை பேர் முன்னால் பயமென்று சொல்ல வெட்கம். அழவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், வெளியே வந்து காய்ச்சலில் விழுந்தாள். அன்றைக்கு அவர் சொன்னார்: "இனிமே எந்த இடத்துலயாவது இருக்க முடியலன்னா வாயைத் திறக்க வேணாம். நோட்டுல பூஜ்யம் போடு. கேள்வி கேட்காம வண்டியைத் திருப்பிடுவோம். வீட்டுக்குப் போயும் கேக்க மாட்டோம்."

மூன்று மார்க்கைத் தாண்டாத இடங்களுக்குக்கூட அவர்கள் குடும்பத்தில் யாரும் பூஜ்யம் போட்டதில்லை. பூஜ்யம் மார்க் இல்லை. சுண்டு பதினாலு வயதில் ஒரே ஒரு தடவை போட்டாள், பெடல் படகு விடுகிற ஏரிக்கரையில். படகுக்கு வரிசையில் நின்றிருந்த அவர், டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். அன்று அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

"பூஜ்யம் போட்டிருக்கா," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். கைக்குட்டை முறுக்கு ஏறி இரண்டு விரல்களை இறுக்கியது.

"அவன் என்னமோ பண்ணியிருக்கான். நேத்து இங்க வச்சு என்னமோ பண்ணியிருக்கான்."

"சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

"பிடிச்ச இடத்துல வந்து பூஜ்யம் போட்டுட்டுப் போயிருக்கா. பேச்சு வேற எப்படி வரும்?"

டிக்கெட் கிழிக்கிற பெரியவர் இவர்கள் பேசுவதைக் காதில் வாங்கியபடி கிட்டே வந்தார்.

"நேத்து வந்த ஜோடியா? எனக்கு ஞாபகம் இருக்கு. அந்தத் தம்பி கட்டிலுக்குக் கீழ நின்னு ஒரே போட்டோவா எடுத்துக்கிட்டார். அந்தப் பொண்ணு இந்த டிக்கெட் கூண்டுப் படியிலயே உக்காந்துட்டாங்க. உள்ள பிடிக்கலையாம்மான்னு கேட்டேன். ரொம்பப் பிடிக்கும்னாங்க."

"அழுதாளா?"

"இல்லையே. நோட்டுல எழுதிட்டு, இதை யாராச்சும் படிப்பாங்களான்னு கேட்டாங்க. யார் படிக்கப் போறா, மழை வந்தா இதைத்தான் கிழிச்சு ஜன்னல்ல சொருகுவோம்னேன். அதுக்கு, எங்கப்பா வந்து படிப்பார்னாங்க."

லிஃப்ட்காரர் நாற்காலியைத் தேடினார். உட்காரும்படி இருந்த நாற்காலிகள் எல்லாம் கூரையில் இருந்தன.

"நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்," என்றாள் மனைவி.

போனவள் வர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அவர் அதற்குள் காரைக் கிளப்பி, அணைத்து, மறுபடி கிளப்பி, ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டார். அவள் வந்து ஏறியபோது முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது.

"பட்டியல்ல அடுத்தது என்ன?" என்று கேட்டாள்.

"கண்ணாடிக் கூடம்."

"அங்கயே போங்க."

---

இரண்டரை மணி நேர ஓட்டம். மாப்பிள்ளையைக் கண்டால் என்ன கேட்பது என்று அவர் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். முதலில் சட்டையைப் பிடிப்பது என்று வைத்திருந்தார். அப்புறம் சட்டையைப் பிடித்தால் வாய் அடைத்துப் போவான், பேச வைத்துப் பிடிக்கலாம் என்று மாற்றினார். முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைய, பிரேக்கை மிதித்த மிதியில் நோட்டும் ஸ்பானரும் முன்னால் வந்து விழுந்தன.

"மெதுவாப் போங்க. நாம போய்ச் சேந்தாத்தான் அவளைப் பாக்க முடியும்," என்றாள் மனைவி.

"உனக்கு எப்படி இப்படி உக்காந்திருக்க முடியுது?"

அவள் பையைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். காலையிலிருந்து அவள் வாயில் போட்ட முதல் பண்டம். அவருக்கு எரிச்சலாக வந்தது. பெத்த வயிறு எப்படிப் பிஸ்கட் கேட்கிறது என்று நினைத்தார். சொல்லவில்லை. நினைத்ததோடு விட்டார்.

நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஆளை வழி தெரியாமல் சுற்றவிடுகிற அந்தக் கண்ணாடிக் கூடம் ஒரு பழைய சரக்குக் கிடங்குக்குள் இருந்தது. வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் வெள்ளைக் கார் ஒன்று புழுதி அப்பி நின்றது. அதன் நிழலில், நடைபாதை விளிம்பில், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலிக் காகிதக் கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. ஐந்தாறு இருக்கும்.

லிஃப்ட்காரர் இஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"எங்க அவ?"

மாப்பிள்ளை எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "மாமா..."

"மாமா இங்கதான் இருக்கேன். சுண்டு எங்க?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா?"

"காலைல வந்தோம். நீங்க முதல்ல போய்ட்டு வாங்க, எனக்குத் தலை சுத்தும்னா. உள்ள போனேன். வழி தெரியாம அரை மணி நேரம் சுத்தினேன். கண்ணாடியிலயே பொழப்பு நடத்துறவனுக்கு வழி தெரியலையேன்னு உள்ளயே சிரிச்சுக்கிட்டேன். வெளிய வந்து அவகிட்ட சொல்லலாம்னு வந்தா ஆளில்ல. கார் சாவியை டிக்கெட் கொடுக்கற அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டா."

"எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"இப்ப மணி நாலு. அஞ்சரை மணி நேரமா நீங்க இங்க உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருக்கீங்க. எனக்கு ஒரு போன் இல்ல."

"பயமா இருந்துச்சு மாமா."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

லிஃப்ட்காரர் சட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கைக்கு முன்னால் நின்ற ஆளைப் பார்த்தார். இரண்டு நாள் தாடி. சட்டையில் காப்பிக் கறை. தப்பு செய்தவன் ஓடியிருப்பான். இவன் ஓடாமல் உட்கார்ந்திருந்தான். அதையும் நம்பலாமா என்று யோசித்தார். கை அதுவாகவே இறங்கிவிட்டது.

"நேத்து ராத்திரி என்ன சண்டை?"

"சண்டையே இல்ல மாமா. அதான் எனக்குப் புரியல. ரெண்டு வருஷமாவே சண்டை இல்ல. நான் ஏதாச்சும் சொன்னா சரின்னுடுவா. நேத்து அந்தத் தலைகீழ் வீட்டுல பூஜ்யம் போட்டா. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னா. நானும் சிரிச்சுட்டேன்."

லிஃப்ட்காரர் மனசுக்குள் அதைத் திருப்பிச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். சாப்பாட்டு மேசை கண் முன்னால் வந்தது. தட்டிலிருந்து தூக்காத தலை வந்தது. அவர் அதைத் தள்ளிவிட்டு, "போன் எடுக்காததுக்கு என்ன கதை?" என்றார்.

"எடுக்க வேணாம்னு அவதான் சொன்னா."

மனைவி இதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார்.

"அத்தை, உங்களுக்காவது ஏதாச்சும் சொன்னாளா?"

"நீங்க எதாவது சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை?" என்றாள் அவள்.

---

டிக்கெட் கொடுக்கிற அம்மாளுக்கு வாய் ஓயவில்லை.

"நல்லாத்தான் இருந்தாங்க சார். அவர் உள்ள போனதும் கொஞ்ச நேரம் இந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. அப்புறம் நோட்டைக் கேட்டாங்க. பேனா எழுதல. என் பேனாவைக் கொடுத்தேன். எழுதி முடிச்சுட்டு, சாவியைக் கொடுத்துட்டு, எதிர்த்தாப்பல ஸ்டாப்புல போய் நின்னாங்க. பஸ் வந்துச்சு, ஏறிட்டாங்க."

"எந்த பஸ்?"

"பாக்கல சார். இங்க க்யூ நின்னுச்சு. பேனாவைக்கூட ஞாபகமாத் திருப்பிக் கொடுத்துட்டுத்தான் போனாங்க."

"அந்த நோட்டை எடுங்க."

"என்னமோ கடுதாசி மாதிரி எழுதியிருக்காங்களேன்னு பார்த்தேன். படிக்கல," என்றாள் அந்த அம்மாள். படித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் நோட்டை டிக்கெட் கூண்டின் விளிம்பில் வைத்துப் படித்தார். அழுத்தி எழுதவில்லை. நிதானமான எழுத்து.

'அப்பா, இதுக்கு மார்க் இல்ல. நான் உள்ள போகவே இல்ல.

பூஜ்யம் போட்டா கேள்வி கேக்காம வண்டியைத் திருப்புவோம்னு சொன்னது நீங்கதான். மூணு வாரத்துக்கு முன்னாடியே போட்டேன்ப்பா. சாப்பிடற மேசையில வச்சுப் போட்டேன். நீங்க சிரிச்சீங்க. ஒருவேளை நோட்டுல எழுதினாத்தான் செல்லும்போலன்னு நேத்து எழுதியும் பார்த்தேன். ராத்திரி முழுக்க வண்டிச் சத்தம் கேக்குதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அவர் மேல தப்பு இருக்கா இல்லையான்னு யாரும் அவரை உலுக்க வேணாம்.

நான் நல்லாத்தான் இருக்கேன். அடுத்த இடம் உங்க பட்டியல்ல இல்ல.'

அவர் ஒரு தடவைதான் படித்தார். நாலு தடவை படிக்கிற ஆள், ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்.

முப்பத்தைந்து வருஷம் ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஒரே வசனம் பேசியிருக்கிறார். லிஃப்ட் திடீர்னு நிக்கிறதில்லை சார், வாரக்கணக்கா முன்னாடியே சத்தம் கொடுக்கும், தினம் ஏறி இறங்கறவங்க காதுலதான் விழாது. மேனேஜர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிமிர்ந்தார். கூண்டை ஒட்டி ஆளை அமுக்கிக் காட்டுகிற கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. குட்டைக் காலும் பெரிய வாயுமாக ஒரு கிழவன் அதில் நின்றான். வாய் மட்டும் காதுவரை போயிருந்தது.

"பேனா கொடுங்கம்மா," என்றார்.

முப்பது வருஷத்தில் எத்தனையோ நோட்டில் எழுதியிருக்கிறார். ராட்சத நாற்காலிக்கு ஏழு. படகு வராத படகுத் துறைக்கு மூன்று. இன்று மகளின் வரிக்குக் கீழே எழுத வார்த்தை வரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் எழுதிப் பழகவில்லை. கடைசியில் இரண்டே சொல்லாக எழுதினார்.

'அப்பா: 0/10.'

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்தபோது மாப்பிள்ளை கார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன எழுதியிருக்கா மாமா? நான் படிச்சேன். எனக்குப் பாதி புரியல. பூஜ்யம்னா என்ன?"

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியலைக் கொடுத்தார், சட்டங்களைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த ஆளுக்குப் பூஜ்யம் வெறும் பூஜ்யம். சிரித்ததில் அவன்மேல் பெரிய குற்றம் இல்லை. தெரிந்தவர்தான் சிரித்திருந்தார்.

"வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்குங்க," என்றார். முதல் தடவையாகக் குரலில் இரும்பு இல்லை. "அப்புறமா சொல்றேன்."

---

காரில் ஏறியதும் அவர் வாயைத் திறந்தார்.

"வீட்டுக்குத்தான் போயிருப்பா. பஸ் பிடிச்சு இந்நேரம் பாதி வழி போயிருப்பா. சாவி பக்கத்து வீட்டுல இருக்குன்னு அவளுக்குத் தெரியும். நாம போறதுக்குள்ள கதவைத் திறந்து உக்காந்திருப்பா. திருப்பிடறேன். கேள்வி கேக்க மாட்டேன். நீயும் கேக்காத."

மனைவி சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த இடம் பட்டியல்ல இல்லன்னு எழுதியிருக்கா. வீடும் பட்டியல்ல இல்லதானே? அப்ப வீடுதான்."

அவர் காரை எடுத்தார்.

கிடங்குச் சாலை நெடுஞ்சாலையில் சேருகிற இடத்தில் சிக்னல் சிவப்பில் நின்றது. வலது பக்கம் திரும்பினால் வீட்டுக்குப் போகிற வழி. அவர் வலது இண்டிகேட்டரைப் போட்டார். டிக் டிக்கென்று அது அடித்துக்கொண்டிருந்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

இடது பக்கம் காட்டினாள்.

காலையிலிருந்து அவள் கை காட்டவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. பட்டியலைப் பார்த்து அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். காட்டிய கையைப் பார்த்தார். காலையெல்லாம் கயிறாகத் திரிந்து கிடந்த கைக்குட்டை அவள் மடியில் நாலாக மடிந்து, நீவிவிட்ட மாதிரி இருந்தது. எப்போது மடித்தாள்? கண்ணாடிக் கூடத்திலா? இல்லை. லாரிக்குப் பிரேக் போட்டபோதே அது மடிந்துதான் இருந்தது. தலைகீழ் வீட்டில் முகம் கழுவப் போனாளே, இருபது நிமிஷம். அப்புறம் அந்தப் பிஸ்கட்.

எந்த பஸ் என்று டிக்கெட் அம்மாளிடம் கேட்டது அவர். பெத்தவள் கேட்கவில்லை.

கேள்விகள் திமுதிமுவென்று வந்து பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றன. போன் பண்ணாளா? யார் போனிலிருந்து? மத்தியானமே தெரியுமா உனக்கு? தெரிந்துமா என்னை இரண்டரை மணி நேரம் ஓட்ட விட்டு, அந்த நோட்டைப் படிக்க வைத்தாய்? இல்லை, மூன்று வாரமாகவே தெரியுமா? தண்ணீர் எடுக்க எழுந்து போனாயே, அன்றைக்கே?

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒன்றே ஒன்றுதான். அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

லிஃப்ட்காரர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். வலது இண்டிகேட்டரை அணைத்தார். இடது இண்டிகேட்டரைப் போட்டார். வாயை இறுக்க மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தார்.

அந்தச் சாலையில் அவர் பிறந்ததிலிருந்து போனதில்லை. வழிப்பலகை ஒன்றுகூட இல்லை. முதல் திருப்பம் எங்கே வரும் என்று அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினார்.

திருப்பம் கண்ணில் படுவதற்கு முன்பே அவள் மறுபடி கையைத் தூக்கினாள்.